ஐந்தரை மணி நேரம் எங்கே போனது?

காலை பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறார் ஒருவர். திரையின் மூலையில் இருக்கும் கடிகாரம் நான்கரை என்கிறது. சரிசெய்து வைக்கிறார். மாலையில் வேறு வேலையாக லினக்ஸைத் திறந்து மூடுகிறார். மறுநாள் விண்டோஸுக்குள் நுழைந்தால் மீண்டும் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. பேட்டரி போயிருக்கும் என்று யாரோ சொல்ல, தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவ பேட்டரியையும் மாற்றிப் பார்க்கிறார். மறுநாளும் அதே கதை.

லினக்ஸில் கொஞ்சம் பழகியவரிடம் இதைச் சொன்னால், ‘ஐந்தரை’ என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே சிரித்துவிடுவார். நோயின் பெயர் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கடிகாரம் ஒன்று தாய்ப்பலகையில் உண்டு. அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். லினக்ஸ் இணையத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யும்போது, அந்தச் சிறு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்துவிட்டுப் போகும். அடுத்து வரும் விண்டோஸ், எழுதியிருப்பது இந்திய நேரம்தான் என்று நம்பிவிடும். ஒருவர் கஜத்தில் அளந்து எழுதிவைத்ததை இன்னொருவர் மீட்டர் என்று படித்தால் துணிக்கடையில் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகிறது. ‘நீயும் உள்ளூர் நேரத்தையே எழுது’ என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும். செலவு கிடையாது. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும்.

அப்படிப்பட்ட ஆட்கள் காஞ்சிபுரத்தில் கூடத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

எண்பது கிலோமீட்டருக்குள் இரண்டு குழுக்கள்

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் சிக்கல் வந்தால், விற்றவரைக் கேட்கலாம். லினக்ஸ் அப்படி வந்ததல்ல. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய கருநிரல் (கெர்னல்) அது. அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்துகொண்டன. யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். வாங்கியவர், விற்றவர் என்ற கணக்கே இல்லாததால், ‘கஸ்டமர் கேர்’ எண்ணும் இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களுக்குக் கட்டணம் செலுத்தி ஆதரவு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் ஒரு பழைய கணினியை வைத்திருப்பவர் யாரைக் கேட்பார்?

அந்தக் கேள்விக்கு உலகெங்கும் கிடைத்த விடைதான் லினக்ஸ் பயனர் குழு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘லக்’ என்பார்கள். சென்னையில் 1998 ஜனவரியிலேயே இப்படி ஒரு குழு உருவானது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் அது கூடுவது வழக்கமாக இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து அங்கே போய்வருவது ஒரு முழுநாள் வேலை. 2006 நவம்பரில் காஞ்சிபுரத்துக்கென்றே தனிக்குழு ஒன்று பிறந்தது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, சுருக்கமாக ‘காஞ்சிலக்’. நுழைவுக் கட்டணம் இல்லை, யாரும் வரலாம் என்பதை அது தன் அறிவிப்புகளில் தவறாமல் சொல்லிவருகிறது.

2006 எப்படிப்பட்ட காலம் என்பதை இன்றைய இருபது வயதுக்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஒரு லினக்ஸ் வட்டு ஏறக்குறைய 700 மெகாபைட். நொடிக்கு 256 கிலோபிட் இணைப்பில் அதை இறக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும், நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டின் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அதனால் அலாரம் வைத்து எழுந்து, இறக்கத்தை ஓடவிட்டு மறுபடி படுத்தவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. இன்னொரு வழியும் இருந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் தன் வட்டுகளை உலகின் எந்த முகவரிக்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பியது. 2011 வரை அந்தத் திட்டம் நடந்தது. இந்தியாவிலிருந்து வெளியான ‘லினக்ஸ் ஃபார் யூ’ இதழோடும் வட்டு வரும். இப்படி யாரோ ஒருவர் கைக்கு வரும் வட்டு, ஊருக்குள் பத்து நகலாகப் பெருகும். குழுக்களின் ஆரம்பகால உதவியில் பாதி, இப்படி வட்டு எழுதிக்கொடுப்பதாகவே பல ஊர்களில் இருந்தது.

மீதிப் பாதி, அந்த வட்டைப் போட்ட பிறகு வரும் கேள்விகள்.

“வரலன்னா எப்படி வரல?”

முதல் கேள்வி பெரும்பாலும் இணையம் பற்றியதாகத்தான் இருக்கும். உரையாடல் ஏறக்குறைய இப்படி ஓடும்:

“அண்ணா, லினக்ஸ் போட்டேன். வைஃபை வரல.”

“வரலன்னா எப்படி வரல? லிஸ்டே காட்டலியா, இல்ல பாஸ்வேர்டு கேட்டுட்டு நின்னுடுதா?”

“லிஸ்டே வரல.”

“சரி, போனை யூ.எஸ்.பி.ல மாட்டி டெதரிங் போடு. நெட்டு வந்துடும். அப்புறம் டெர்மினலைத் தெறந்து நான் சொல்றத அடி. வர்றத முழுசா அனுப்பு. போட்டோ புடிக்காத, காப்பி பண்ணி அனுப்பு.”

இதில் அந்த அண்ணன் இதுவரை எந்த விடையும் சொல்லவில்லை. ஆனால் வேலை பாதி முடிந்துவிட்டது. வைஃபை பட்டியலே வராவிட்டால், பெரும்பாலும் வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள் இல்லை என்று பொருள். கடவுச்சொல் வரைக்கும் போய் நின்றால் கார்டு நன்றாக இருக்கிறது, கோளாறு வேறிடத்தில். அடிக்கச் சொன்ன கட்டளை, கணினிக்குள் இருக்கும் கார்டுகளின் பெயர்களை வரிசையாகக் காட்டும். அதில் ‘பிராட்காம்’ என்று ஒரு வரி வந்தால் போதும், பழக்கமுள்ளவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

பிராட்காம் போன்ற சில நிறுவனங்களின் கார்டுகள், கணினி உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மென்பொருளைத் தமக்குள் ஏற்றிக்கொண்டால்தான் வேலை செய்யும். ‘ஃபர்ம்வேர்’ என்று அதற்குப் பெயர். அதன் மூலநிரல் வெளியே வராது. சிலவற்றைப் பிறர் விநியோகிக்கவும் உரிமை கிடையாது. எல்லாம் திறந்த மூலமாகவே இருக்க வேண்டும் என்று நினைத்த லினக்ஸ் வழங்கல்கள் அதைத் தங்கள் வட்டில் சேர்க்காமல் விட்டன. கொள்கை சரிதான். ஆனால் இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும் என்ற முட்டுச்சந்தில் புதியவர் போய் நின்றார். அத்தகைய வழங்கல்களில் ஒன்றான டெபியனின் அமைப்பு இதைப் பல ஆண்டுகள் விவாதித்தது. 2022-ல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த தன் 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர்களை அதிகாரப்பூர்வ வட்டிலேயே சேர்த்தது. அதன் பிறகு அந்தக் கேள்வி குறைந்திருக்கிறது.

அச்சுப்பொறிக் கேள்வி மட்டும் குறைந்தபாடில்லை. இந்தியாவின் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்துவரும் இரண்டு லேசர் அச்சுப்பொறிகளை எடுத்துக்கொள்ளலாம். ஹெச்.பி. லேசர்ஜெட் 1020-க்குள் நிலையான ஃபர்ம்வேர் கிடையாது. மின்சாரத்தை அணைத்துப் போட்டால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கணினிதான் அதற்கு நினைவூட்ட வேண்டும். நேற்று அச்சடித்த பொறி இன்று அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கேனான் எல்.பி.பி. 2900-இன் சிக்கல் வேறு. அது பேசுவது கேனானின் சொந்த மொழி. அந்த நிறுவனம் லினக்ஸுக்கு ஓட்டுமென்பொருள் கொடுத்தது உண்மைதான். ஆனால் 32-பிட் காலத்தில் எழுதப்பட்ட அதைப் புதிய கணினிகளில் உட்காரவைக்க அப்படியும் இப்படியும் வளைக்க வேண்டியிருக்கிறது. மொழியை வெளியிலிருந்தே கவனித்துப் புரிந்துகொண்டு, திறந்த மூலத்தில் தனி ஓட்டுமென்பொருளை எழுதப் புறப்பட்ட தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஓர் அச்சுப்பொறியில்தான் தொடங்கியது. காஞ்சிக் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 1979-ல் வெளியே வந்து, மக்களுக்குத் தரிசனம் தந்து மீண்டும் உள்ளே போனார். ஏறக்குறைய அதே சமயத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். பொறி இருப்பது வேறு மாடியில். போய்ப் பார்த்தால்தான் சிக்கியிருப்பது தெரியும். பழைய பொறிக்கு, காகிதம் சிக்கினால் எல்லோருடைய திரைக்கும் தகவல் வரும்படி ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்ய மூலநிரலைக் கேட்டுப் போனார். வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவர், ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லி மறுத்துவிட்டார். பக்கத்தில் இருப்பவருக்கு உதவக்கூடாது என்று ஒப்பந்தம் போடுவதா என்ற ஸ்டால்மனின் கோபம் சில ஆண்டுகளில் குனூ திட்டமாக வளர்ந்தது. 2019-ல் அத்திவரதர் அடுத்த முறை எழுந்தருளியபோது, கூட்டத்தில் தரிசனத்துக்கு நின்ற பெரும்பாலோர் சட்டைப்பையில் லினக்ஸ் கருநிரலில் ஓடும் ஆண்ட்ராய்டு போன் இருந்தது. அச்சுப்பொறிகள் மட்டும் அன்றுபோலவே சிக்கிக்கொண்டிருந்தன.

ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி

தமிழ்நாட்டுக்கென்றே சில கேள்விகள் உண்டு. காஞ்சிபுரம் போன்ற ஊரில் அவை அதிகம். முகூர்த்தப் பட்டு வாங்க வருகிற ஊர் என்பதால் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைகளுக்கும் பஞ்சமில்லை. கோயில் விழா அழைப்பிதழ், கூட்டுறவுச் சங்க நோட்டீஸ் என்று தமிழில் தட்டச்சு செய்யும் வேலை ஆண்டு முழுக்க இருக்கும். பழைய கோப்பு ஒன்றை லினக்ஸில் திறந்ததும் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளாக ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கிறது. கோப்பு கெட்டுவிட்டதாக அலறுவார்கள்.

கெடவில்லை. அது ‘பாமினி’ எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தன. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில ‘ஜே’தான். எழுத்துரு இருந்தால் ‘த’ என்று தெரியும். இல்லாவிட்டால் உள்ளது உள்ளபடி தெரியும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு வரிசையை வைத்திருந்ததால், பாமினியில் அடித்தது ‘வானவில்’ எழுத்துருவில் புரியாது, வானவில்லில் அடித்தது பாமினியில் புரியாது. யூனிகோடு வந்து தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுக்க ஒரே எண் தந்த பிறகுதான் இது அடங்கியது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகளைத் தமிழ் ஆர்வலர்கள் எழுதி இலவசமாகவே விட்டிருக்கிறார்கள்.

யூனிகோடு வந்தபோது வேறொரு தொல்லை முளைத்தது. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் இருக்கிறது. ஆனால் கணினி ‘க’வை முதலில் சேமித்து, கொம்பை அதன் பின்னால் சேமிக்கும். திரையில் காட்டும்போது இடம் மாற்ற வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறியைப் பிய்த்து முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வைக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் பல லினக்ஸ் நிரல்களுக்கு இந்த வித்தை தெரியாது. கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். இன்றைக்கு லினக்ஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்து, எந்த எழுத்து, எந்த நிரல், எந்தப் பதிப்பு என்று எழுதிப் பிழை அறிக்கை கொடுத்தார், வேறு யாரோ ஒருவர் திருத்தினார் என்று அர்த்தம். தட்டச்சுக்கும் அப்படியே. 1999-ல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டில் உருவான ‘தமிழ்99’ விசைப்பலகை, அஞ்சல் முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை எல்லாமே லினக்ஸில் கிடைக்கின்றன. எங்கே போய் எதைச் சொடுக்கினால் வரும் என்பதுதான் புதியவரின் கேள்வி. அதற்கு மூன்று நிமிடம் போதும், பக்கத்தில் ஆள் இருந்தால்.

கேட்கத் தெரிவது

உதவுகிறவர்களுக்கும் பொறுமை எல்லை உண்டு. ஒரே கேள்வியை நூறாவது முறை கேட்கும்போது, ‘கையேட்டைப் படி’ என்று வெடுக்கென்று சொல்லிவிடுகிற பழக்கம் ஆங்கில லினக்ஸ் உலகில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதைச் சுருக்கி நான்கெழுத்து வசவாகவே ஆக்கிவிட்டார்கள். எரிக் ரேமண்ட் என்ற அமெரிக்க நிரலாளர் 2001-ல், கேள்வியை எப்படிக் கேட்பது என்று ஒரு நீண்ட வழிகாட்டியே எழுதினார். உலகெங்கும் அது படிக்கப்பட்டது. என்ன செய்யப் பார்த்தீர்கள், என்ன நடந்தது, நீங்களே என்ன முயன்றீர்கள் என்று சொல்லுங்கள் என்பது அதன் சாரம். நல்ல அறிவுரை. ஆனால் அதை முதன்முதலில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு, வாயைத் திறக்கவே பயம் வந்துவிடும் தொனி.

ஊர்க் குழுக்கள் இந்தப் பயத்தைப் பெருமளவு போக்கின. முகம் தெரிந்தவரிடம் கேட்பதில் கூச்சம் குறைவு. தமிழில் கேட்கலாம் என்றால் இன்னும் குறைவு. ஆனால் தமிழில் கேட்க, தமிழில் படிக்கவும் ஏதாவது இருக்க வேண்டுமே? கட்டற்ற மென்பொருளுக்கென்றே ‘கணியம்’ என்ற மின்னிதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. அதை முன்னெடுத்துவருபவர்களில் த. சீனிவாசன் முக்கியமானவர். கணியத்தில் தொடராக வந்த பாடங்கள் ‘எளிய தமிழில்’ என்ற பெயரோடு மின்னூல்களாயின. நித்யா துரைசாமி எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ அவற்றில் ஒன்று. யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தில் எல்லாம் வெளிவந்தன. விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கும் குனூ/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குத் தமிழிலேயே வகுப்பெடுத்துவருகிறது.

தமிழில் சொல்லித்தரும்போது கலைச்சொல் தகராறும் கூடவே வரும். ‘டெர்மினல்’ என்பதா ‘முனையம்’ என்பதா? ‘இன்ஸ்டால்’ என்பதா ‘நிறுவுதல்’ என்பதா? எழுதும்போது நிறுவுவார்கள், பேசும்போது இன்ஸ்டால் பண்ணுவார்கள். இரண்டும் தெரிந்தால்தான் திரையில் வரும் ஆங்கிலப் பிழைச்செய்தியும் புரியும், அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கவும் வரும்.

கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கையை அரசின் முடிவுகளும் கூட்டின. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. அதே ஆண்டு மத்திய அரசின் சிடாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாக வைத்து ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் அருகே காக்களூரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. நெசவுக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுதான். திறந்தவுடன் எதற்குள் போவது என்று கேட்கும் கறுப்புத் திரையைப் பார்த்துத் திகைத்தவர்களில் பெரும்பாலோர் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்தார்கள். சிலர் கீழே இருந்த வரியை அழுத்திப் பார்த்தார்கள்.

ஓட்டையைத் தேடும் ஊர்

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பழமொழி உண்டு. சோம்பேறியைச் சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அது குழித்தறியில் மிதியை மிதித்து நெய்யும் காலைச் சொல்கிறது. அந்தத் தறியின் மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு, கணினிக்கு ஒரு வகையில் முப்பாட்டன்.

பிரான்ஸின் லியோன் பட்டு நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் செய்த பொறி அது. அட்டையில் ஓட்டை இருந்தால் பொறியின் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் இழை கீழேயே இருக்கும். ஓர் அட்டைக்கு ஒரு ஊடை. அட்டைகளை வரிசையாகக் கோத்துவிட்டால் மாங்காயும் அன்னப்பட்சியும் தானாக வளரும். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்கு இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் கரைப்பூவின் இதழ் ஒன்று விட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர் துணியைப் பார்ப்பார். குறை ஒரே ஒரு இடத்திலா, ஒவ்வொரு பூவிலும் அதே இடத்திலா? ஒரே இடம் என்றால் இழை அறுந்திருக்கலாம். பூவுக்குப் பூ அதே இடத்தில் வந்தால், அட்டையில் கோளாறு. எத்தனையாவது ஊடையில் என்று எண்ணினால் எத்தனையாவது அட்டை என்று தெரிந்துவிடும். அந்த அட்டையை எடுத்துப் பார்த்தால் ஓட்டை தூர்ந்திருக்கும், அல்லது கிழிந்திருக்கும். ‘ஒரே முறையா, ஒவ்வொரு முறையுமா?’ என்பது லினக்ஸ் குழுவில் உதவி கேட்பவரிடமும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் நிரலிலோ அமைப்பிலோ கோளாறு. எப்போதாவது நின்றால் மெமரி, சூடு, தளர்ந்த வயர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு நாடாவில் ஓடுவதால், ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்கத் துணைக்கு ஓர் ஆள் உட்காருவார். அவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். தள்ளிக்கொண்டே பார்த்து, பார்த்துக்கொண்டே கற்று, பின்னாளில் அவர்களே தறியில் உட்கார்ந்தார்கள். நெசவுக்கு எழுதிவைத்த கையேடு இல்லை என்பதால் அப்படி. லினக்ஸுக்குக் கையேடு ஏராளம். ஆனாலும் அதைக் கற்றவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் ஒரு நூலின் பெயரைச் சொல்வதில்லை, ஓர் ஆளின் பெயரைச் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளும் புதிய ஆலோசகரும்

காஞ்சிலக் கூட்டங்கள் பின்னாளில் இணையவழிக்கு மாறின. ஜிட்சி என்ற திறந்த மூலக் காணொளிச் செயலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த குழு என்றாலும், இப்போது யார் எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்பது ஒரு பொருட்டில்லை. ஒருவர் தான் புதிதாகக் கற்ற கருவியைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் வேலையில் சந்தித்த சிக்கலைப் பகிர்வார், முதல்முறை வந்தவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு தயங்கித் தயங்கி ஒரு கேள்வியை எடுத்து வைப்பார்.

இன்றைய மாணவர்கள் அந்தத் தயக்கமே இல்லாமல் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுவிடுகிறார்கள். நள்ளிரவிலும் அது திட்டாமல் பதில் சொல்லும். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. அது பார்ப்பது நாம் அதற்குக் கொடுத்ததை மட்டுமே. ‘ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்றால் இடத்தைக் காலி செய்ய ஒரு கட்டளை தரும். அந்த இடத்தில் அப்பாவின் கடை பில்கள் இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளை எதுவானாலும் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும், அழித்ததைத் திருப்பித் தராது. கட்டளையின் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு ஓட்டுவது நல்லது. அந்த விளக்கத்தையும் செயலியே தரும், கேட்டால்.

கேட்கிறவர்களின் கூட்டம் இனிப் பெருகும் வாய்ப்பு இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை ஏற்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் காயலான் கடைக்குப் போடவும் மனம் வராது. லினக்ஸை முயன்று பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே ஒத்திகை பார்த்துவிடலாம். ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்டையோ உபுண்டுவையோ எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கினால் போதும். இதை ‘லைவ்’ முறை என்பார்கள். பென்டிரைவைப் பிடுங்கினால் கணினி பழையபடி விண்டோஸுக்குத் திரும்பிவிடும்.

அந்த ஒத்திகையில் நான்கைச் சோதிக்க வேண்டும்: வைஃபை பட்டியல் வருகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி ஒரு பக்கமாவது அடிக்கிறதா, தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா. நான்கும் சரி என்றால், படங்களையும் கணக்குகளையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிட்டு நிறுவலாம். ஒன்று இடறினால், திரையில் வந்த செய்தியைக் கடைசி வரி வரை நகலெடுத்து, கணினியின் மாடலையும் லினக்ஸின் பதிப்பையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்பவர்கள், நிறுவிய மறுநாள் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடட்டும். ஐந்தரை மணி நேரம் குறைந்தால் பேட்டரி வாங்க ஓட வேண்டாம்.